பாத்துக்கலாம் வுடு

ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கியதும் ஆரோனுக்கு முதலில் ஒரு வாசனைதான் வந்தது. கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனை முடிந்து, எரிந்த மெழுகுவத்திகளையெல்லாம் சேர்த்துப் போட்ட பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. ஏப்ரல் முதல் வாரம், மதியம் ஒன்றரை மணி. கத்திரி பிறக்க இன்னும் நாலு வாரம் இருந்தது. ஆனால் மேற்குத் தாம்பரத்து வெயிலுக்கு யாரும் காலண்டர் கொடுத்து வைத்திருக்கவில்லை.

டிபன் பாக்ஸை வெளியே எடுத்தான். சூடு தாங்காமல் கை மாற்றினான். திறந்தான்.

உள்ளே ஒரு பல்செட் இருந்தது. அதாவது, காலையில் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேஜைமேல் பேப்பரை விரித்து, இருபத்தெட்டுப் பல்லையும் ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, 'நாமே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறதே' என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்ட செட். இப்போது மெழுகு இளகி ஒரு மூலைக்கு ஓடியிருந்தது. பற்களெல்லாம் எட்டரை மணி பீச் ஸ்டேஷன் ரயிலில் கதவோரம் தொங்குகிறவர்கள் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்றன. கோரைப்பல் ஒன்று மட்டும் தனியாகக் கழன்று வந்து டிபன் பாக்ஸின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மெழுகில் அடுக்கிய செட்டை நோயாளியின் வாயில் வைத்து அளவு பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் அப்புறம் பிளாஸ்டிக்கில் வார்ப்பது. அதற்கு ட்ரையல் என்று பெயர். இன்றைக்கு நாலு மணிக்கு ட்ரையல். பதினைந்து வருஷமாகப் பல் கட்டுகிற ஆரோனுக்கு மெழுகை வெயிலில் வைக்கக்கூடாது என்பது தெரியாதா என்றால், தெரியும். காலை ஒன்பதே முக்காலுக்கு வண்டியில் வைத்தபோது, பத்து மணிக்கு இரும்புலியூரில் பல் கட்டுகிற லேபின் ஏசிக்குள் இருப்போம் என்றுதான் வைத்தான். வழியிலேயே மகள் ஹெப்சியின் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஜுரம், வந்து கூட்டிப் போங்கள். கூட்டிக்கொண்டு டாக்டர், டாக்டரிடமிருந்து மெடிக்கல், மெடிக்கலிலிருந்து வீடு. வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு எக்சர்சைஸ் செய்துவிடுகிற பையன் வாசலில் நிற்கிறான். அவன் போனதும் கேஸ்காரன். கேஸ்காரன் போனதும் கஞ்சி. லேபோடு சேர்ந்த கிளினிக்கிலிருந்து தீபா டாக்டர் "அண்ணா, செட் லேபுக்கு வந்துடுச்சா?" என்று மெசேஜ் போட்டபோதுதான் ஆரோனுக்கு இருபத்தெட்டுப் பல் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து வண்டி வேப்பமரம் இல்லாத பக்கமாக நின்றிருந்தது. மரத்து நிழலில் எதிர்வீட்டுக்காரரின் கார் நின்றது. அதற்கு வழிவிட்டு வண்டியைத் தள்ளி வைத்ததும் ஆரோன்தான்.

"என்னடா அங்க?" உள்ளே கட்டிலிலிருந்து அப்பா தனசிங்கின் குரல்.

"ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணு முப்பத்தி ரெண்டு. எனக்கு மாத்திரை ஒண்ணு அஞ்சுக்கு."

தனசிங் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்தவர். இடது கையும் காலும் போன வருஷம் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவள் ஏழு நிமிஷம் லேட்டாக வந்தாள். அதற்குக் காரணம் கேட்டு அவர் பேசிய பேச்சில் நாலாம் நாள் வரவில்லை.

அப்படியாக, பகலில் அந்த வீட்டுக்கு ஆள் என்றால் ஆரோன்தான். மனைவி கெசியா சேலையூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். எட்டு ஐந்துக்குள் மிஷினில் விரல் வைக்க வேண்டும். எட்டு ஆறு என்றால் அரை நாள் போச்சு. ஆரோனின் வேலை அப்படி இல்லை. ஆறு வருஷம் முன்னால் சேர்ந்த அன்று, "எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டதற்கு முதலாளி பொன்னுரங்கம் சொன்னார்: "வேலை கீறப்ப வா, இல்லாதப்ப போ. நடுவுல வூட்ல எதனா வேலைன்னா அதையும் பாத்துகினு வா. சார்னு மட்டும் கூப்டாத, யாரோ எனக்குப் பின்னால நிக்கிறாப்ல கீது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆரோன் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் செய்தான். முழங்காலிலிருந்து அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'ஆரோனுக்கு டைம் ப்ராப்ளம் இல்லை' என்ற செய்தி சுவிசேஷத்தைவிட வேகமாகப் பரவியது. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு ஆரோன். தண்ணி லாரி வந்தால் ஆரோன். சபையில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், "நீங்க ஃப்ரீதானே பிரதர்?" மேல்வீட்டுப் பார்சல், பக்கத்து வீட்டுச் சாவி, எதிர்வீட்டு நாய்க்கு ஊசி. இடைவெளிகளில் பல் கட்டினான். விடியற்காலையில் மேஜையில், மதியம் லேபில், சாயங்காலம் மறுபடி மேஜையில். கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரம் வந்தது. ஆனால் அவன் வேலை பார்த்ததை முழுசாக யாரும் பார்த்ததில்லை.

இப்போது அதிலும் ஒரு சிக்கல். கெசியாவின் ஸ்கூல் காட்டாங்குளத்தூரில் புதுக் கிளை திறக்கிறது. ஜூனிலிருந்து அங்கே வைஸ் பிரின்சிபாலாகப் போகிறாயா என்று கரஸ்பாண்டென்ட் அம்மா கேட்டிருக்கிறார். காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்கு வீடு. அப்பாவும் ஹெப்சியும் முழுக்க முழுக்க ஆரோன் பொறுப்பு. காலை பத்தரை வரையிலும், பிற்பகல் மூன்றுக்கு மேலும் அவன் வீட்டில் இருந்தாக வேண்டும். ஏதோ ஒரு நாள் இரண்டு நாள் என்றில்லை, தினமும். அதற்கு முதலாளி ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

இன்று காலை புடவைக்குப் பின் குத்திக்கொண்டே கெசியா சொன்னாள்: "உங்க முதலாளி அண்ணாகிட்ட இன்னிக்காவது கேட்டுடுங்க. நாளைக்குக் காலைல மேடத்துக்குப் பதில் சொல்லணும்."

"நீ என்ன நினைக்கற? போகணும்னு இருக்கா?"

"கர்த்தர் சித்தம்ங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ."

பத்து நாளாக இதையேதான் கேட்டான், பத்து நாளாக இதையேதான் சொன்னாள்.

*

ஜுரத்தில் சோபாவில் சுருண்டிருந்த ஹெப்சிக்குப் பன்னிரண்டு வயது. ஆரோன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மாத்திரை வேலை செய்து லேசாக வேர்த்திருந்தது.

"ஹெப்சிம்மா, டாடி லேபுக்குப் போகணும். போயே ஆகணும்."

"போயிட்டு வாங்க டாடி. தாத்தாவை நான் பாத்துக்கறேன்."

"ஏலே, அவளை நான் பாத்துக்கறேன்," என்றார் தனசிங் கட்டிலிலிருந்து. "நீ எப்ப வருவே? டைம் சொல்லிட்டுப் போ."

"ஆறரை."

"அதுல எவ்வளவு லேட்டு?"

ஆரோன் மேல்வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். சீட்டு தோசைக்கல்லாக இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போது டிபன் பாக்ஸைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டான். இனிமேல் அதை எங்கே வைத்தால் என்ன, கெடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. பழக்கதோஷம்.

பொன்னுரங்கம் இரும்புலியூரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் ரோடாகவும் லேஅவுட்டாகவும் போன பிறகு வீடும் கொஞ்சம் வாடகையும் மிச்சம். மகள் தீபா பல் டாக்டருக்குப் படித்து முன்பக்கம் கிளினிக் வைத்தாள். பின்பக்கத்து மாட்டுக்கொட்டகைக்கு டைல்ஸ் போட்டு, ஏசி மாட்டி, 'நீ பாத்துக்கோப்பா' என்று அப்பாவை லேபுக்கு முதலாளியாக்கினாள். அவருக்குப் பல்லைப் பற்றி மெல்லத் தெரியும், அவ்வளவுதான். மாடு தண்ணி குடித்த தொட்டியில் இப்போது மாவுக்கட்டுக் கிண்ணங்கள் கழுவினார்கள்.

ஆரோன் உள்ளே நுழைந்தபோது பொன்னுரங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நுங்கு தோண்டிக்கொண்டிருந்தார். எதிரே இன்னொரு நாற்காலியில் காலேப். நாலு மணி ட்ரையலுக்கு இரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கூடுவாஞ்சேரியில் நிலத் தரகர். மேலே கீழே ஒரு பல்லும் கிடையாது. காலேப் பேசியது அன்று பாதி காற்றாகத்தான் வந்தது. படிக்கிறவர்கள் வசதிக்காக அவர் பேச்சுக்கு இங்கே பல் கட்டியிருக்கிறது.

"வா நைனா," என்றார் பொன்னுரங்கம். "நுங்கு துன்றியா? பல்லில்லாதவனுக்குன்னு கடவுள் பண்ண பலகாரம்டா இது. காலேப்பு பன்னண்டு உள்ள தள்ளிட்டாரு."

"பதினொண்ணு," என்றார் காலேப்.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று ஆரோன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினான்.

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாடா இது, ஆக்சிடெண்டா?"

"வெயில்ணா. வண்டிக்குள்ள வெச்சு மறந்துட்டேன்."

"யாரோட வாய் இது?"

ஆரோன் காலேப்பைப் பார்த்தான். காலேப் மெல்ல எழுந்து வந்து பாக்ஸுக்குள் குனிந்தார்.

"என் வாயா? பிரதர், என் வாய் ஒரு பக்கமா சாயவே சாயாதே! ரெண்டு பார்ட்டிக்கும் நடுவுல நிக்கறவன் நானு."

"மன்னிச்சிடுங்க சார். குழந்தைக்கு ஜுரம்னு ஸ்கூல்ல இருந்து..."

"கொய்ந்த எப்பிடி கீது?" என்றார் பொன்னுரங்கம் உடனே.

"பரவால்லண்ணா. தூங்குது."

"அப்ப வுடு. பாத்துக்கலாம்."

"வியாழக்கிழமை எனக்கு பார்ட்டி வருதுங்க," என்றார் காலேப். "பெங்களூர் பார்ட்டி. நாலு கிரவுண்டு. பல்லில்லாதவன்கிட்ட எவன் நிலம் வாங்குவான்? மண்ணு நல்லா இருக்குன்னு நான் சொன்னா, அவன் என் வாயைத்தானே பாக்கறான்."

முன்பக்கக் கதவைத் திறந்து தீபா டாக்டர் தலையை நீட்டினாள். பாக்ஸைப் பார்த்தாள். ஆரோனைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்குள்ள மறுபடி செட் பண்ண முடியுமாண்ணா?"

"முடியும் டாக்டர்."

கதவு மூடியது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் கேட்ட கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கிறவள்.

*

ஆரோன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காலேப்பின் மேல்வாயும் கீழ்வாயும் மாவுக்கட்டில் அச்சாக இருந்தன. தாடை மாதிரித் திறந்து மூடுகிற பித்தளை மிஷினில் அவற்றைப் பொருத்தினான். ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, இளகிப்போன மெழுகிலிருந்து பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் போட்டான். புதுமெழுகு வளைத்து, முதலில் மேல்வரிசை முன்பல் இரண்டு. மூக்குக்கு நேர்கோடு. அது அரை இழை விலகினாலும் முகமே திரும்பிக்கொள்ளும். கத்தியைச் சுடவைத்து, மெழுகைத் தொட்டு, பல்லை நட்டு, ஆறவைத்து, பார்த்து, பிடுங்கி, மறுபடி நட்டு. நின்றுகொண்டு செய்தால் கால் வலிக்கும், உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். விடியற்காலையில் ஒருதரம் வலித்த அதே இடம் மறுபடி வலிக்கத் தொடங்கியது.

தப்பு செய்த அன்றைக்கா சலுகை கேட்பது என்று ஒரு மனசு சொன்னது. நாளைக்குக் காலையில் பதில் சொல்லியாக வேண்டும் என்று இன்னொரு மனசு சொன்னது. ஆறாவது பல்லை நட்டுவிட்டு வாயைத் திறந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். ஜூன் மாசத்துல இருந்து..."

"ஜூன்தானே? இது ஏப்ரலு."

"இல்லண்ணா, இப்பவே தெரியணும். எங்க வீட்ல காட்டாங்குளத்தூர் பிராஞ்சுக்குக் கேட்டிருக்காங்க. வைஸ் பிரின்சிபாலா."

"யாரு, டீச்சரம்மாவா? ஷோக்கு! தீபா, கேட்டுக்கினியா? டீச்சரம்மா பெரிய டீச்சராப் போறாங்க!"

"இன்னும் போகலண்ணா. அவங்க போனா, நான் காலைல பத்தரைக்கு மேலதான் வர முடியும். மூணு மணிக்கு கிளம்பிடணும். மிச்சத்தை வீட்ல செய்யறேன். தினமும் அப்படித்தான் இருக்கும். உங்களுக்குச் சரிப்படுமா?"

"பாத்துக்கலாம் வுடு."

"பாத்துக்கலாம்னா?"

"பாத்துக்கலாம்னா பாத்துக்கலாம். இத்தினி வருசமா நான் எதனா கேட்டுகினா? ஏன் லேட்டு, எங்க போன, எதனா?"

"இல்லண்ணா."

"அப்பறம் இன்னாத்துக்கு பேஜாரு?"

"வேலை ஜாஸ்தியானா?"

"ஆனா பாத்துக்கலாம்."

"வேற ஆள் போடுவீங்களா?"

"தேவைன்னா போடுவேன், தேவையில்லன்னா போட மாட்டேன்."

"அப்ப என் வேலை?"

"உன் வேலைக்கு இன்னா? அது பாட்டுக்கு அது கீது."

ஆரோன் கத்தியை விளக்கில் காட்டினான். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. இன்றைக்கு வேறு முதலாளியாக இருந்தால் அந்த டிபன் பாக்ஸைத் தலைமேலேயே கவிழ்த்திருப்பான்.

"அண்ணா, முடியும் முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. ரெண்டு வருஷத்துக்கு இதான் டைம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாக்கூட..."

"எய்தியா?" பொன்னுரங்கம் நுங்கை அப்படியே கீழே வைத்தார். "தோ பாரு நைனா. நான் கையெய்த்து போட்ட பேப்பரெல்லாம் நிலம் போன பேப்பரு. ரோட்டுக்கு ஒண்ணு போட்டேன், கரண்டுகாரனுக்கு ஒண்ணு போட்டேன், என் தம்பிக்கு ஒண்ணு போட்டேன். போட்ட எடத்துல எல்லாம் எதனா ஒண்ணு என்னை வுட்டுப் போயிருக்கு. உனக்கு ஒண்ணு போட்டா நீ போயிடுவ."

"அதுக்கில்லண்ணா..."

"வேணும்னா நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். நான் சொல்ல மாட்டேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? ஆரோன் கீழ்வரிசைக்கு வந்தான். ஏசி ஒரு பக்கம் குளிர்ந்தது, விளக்கு ஒரு பக்கம் சுட்டது. அவனுக்கு ஒரு பக்கம் ஜலதோஷமும் ஒரு பக்கம் வேர்வையுமாக இருந்தது. கெசியாவிடம் போய், 'அண்ணா பாத்துக்கலாம்னு சொன்னார்' என்று சொல்ல வேண்டியதுதான். அதை அவள் ஒரு கணக்கு டீச்சரின் முகத்தோடு கேட்பாள். விடையில்லாத கணக்கை யாரும் மேடத்திடம் நீட்ட முடியாது.

ஆனாலும் விடமாட்டாமல் கேட்டான். "திடீர்னு ஒரு நாள், இது சரிப்படல ஆரோனுன்னு சொல்லிட்டீங்கன்னா? தீபா டாக்டர் பல் கட்டற மிஷின் போட்டுட்டாங்கன்னா? உங்களுக்கே உடம்புக்கு எதாவது..."

"பிரதர்," என்றார் காலேப்.

அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவர், கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எனக்கு ஏன் காலேப்னு பேர் வெச்சாங்க தெரியுமா? கானான் தேசத்தைச் சுத்திப் பாத்துட்டு வந்து, நல்ல தேசம், போலாம்னு சொன்னாரே, அவர் பேரு. அந்தப் பேரை வெச்சுகினு வேற என்ன தொழில் பண்றது? முப்பது வருசமா நிலம் காட்டறேன். ஒண்ணு சொல்லவா?"

"சொல்லுங்க சார்."

"வாங்கறவன் விலையைக் கேப்பான். வாங்க மனசில்லாதவன் வில்லங்கம் கேப்பான். முப்பது வருச வில்லங்கம் பாத்தாச்சுன்னா நாப்பது வருசத்துக்குக் கேப்பான். தாய்ப்பத்திரம் காட்டினா பாட்டிப்பத்திரம் கேப்பான். எங்கனா ஒரு எடத்துல ஓட்டை கிடைச்சா, அவன் முகத்துல ஒரு சந்தோசம் வரும் பாரு... சரி, இது ஆவாது, வூட்டுக்குப் போலாம்னு." கண்ணைத் திறந்தார். "அந்த முகம் மாதிரி இருக்கு பிரதர், உன் முகம். அண்ணன் முடியாதுன்னு சொல்லணும்னு நீ ஜெபம் பண்ணிகினு கீறாப்ல கீது."

கத்தியிலிருந்து ஒரு சொட்டு மெழுகு ஆரோனின் கட்டைவிரலில் விழுந்தது. சுட்டது. உதறாமல் இருந்தான்.

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"கோச்சுக்காத. பல்லில்லாத வாயி, காத்து வந்தா வார்த்தையும் வந்துடுது."

பொன்னுரங்கம் பலமாகச் சிரித்தார். அப்புறம் ஆரோனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு நுங்கை எடுத்துத் தோலுரித்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, அவன் பக்கமாக மேஜைமேல் நகர்த்தி வைத்தார். மிச்சம் பதினொரு பல்லையும் ஆரோன் தலைநிமிராமல் நட்டான்.

ஆறு மணிக்கு ட்ரையல். தீபா டாக்டர் செட்டைக் காலேப்பின் வாயில் பொருத்தி, உதட்டைத் தூக்கிப் பார்த்து, "எதாவது பேசுங்க சார்," என்றாள்.

காலேப் தொண்டையைச் செருமினார். "கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம்," என்றார். குரல் கணீரென்று வந்தது. அவரே திடுக்கிட்டார். "சுத்தி வீடுங்க வந்தாச்சு சார். தண்ணி பன்னண்டு அடியில. ஸ்கூலு, சபை, சந்தை, எல்லாம் பக்கத்துல."

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அதில் பார்த்தார். இரண்டு வருஷமாக உள்ளே விழுந்திருந்த கன்னம் எழுந்து நின்றது. கண்ணாடியை மடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "காலைல பண்ணதை விட இது நல்லா இருக்குமா பிரதர்?" என்றார்.

"காலைல நல்லா இருந்துச்சு சார்," என்றான் ஆரோன். "இது பரவால்ல."

கிளம்பும்போது பொன்னுரங்கம் பனையோலையில் ஆறு நுங்கைக் கட்டிக் கொடுத்தார். "கொய்ந்தைக்குக் குடு. ஜுரத்துக்குக் குளுமை. நாளைக்கு வா, வராட்டியும் பரவால்ல, வார்க்கற வேலையை நாளன்னிக்குக் காலைலகூட பண்ணலாம்."

"அண்ணா, நான் கேட்டது..."

"வுடு. பாத்துக்கலாம்."

*

ஏழு இருபதுக்கு வீட்டுக்கு வந்தான். பாதை நெடுக அந்த இரண்டு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். பாத்துக்கலாம் வுடு. எப்படி வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னால் சரியென்று அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் முடியாதென்று அர்த்தம். பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாது.

"ஐம்பது நிமிஷம் லேட்டு," என்றார் தனசிங்.

கெசியா ஸ்கூல் புடவையிலேயே சமையலறையில் நின்றிருந்தாள். தோளில் பின்கூட எடுக்கவில்லை. ஒரு அடுப்பில் ரசம், இன்னொன்றில் அப்பாவுக்குக் கோதுமைக் கஞ்சி. அம்மியில் அரைப்பது போல மிக்சி ஜாரை அமுக்கிப் பிடித்துத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அமுக்கிப் பிடிக்காவிட்டால் அது ஓடாது. சரிபண்ணக் கொடுக்க வேண்டியவன் ஆரோன்.

"ஹெப்சி?"

"ஜுரம் விட்டிருக்கு. ரெண்டு இட்லி சாப்பிட்டா. அவளும் மாமாவும் ஒருத்தருக்கொருத்தர் டெம்ப்ரேச்சர் பார்த்துகிட்டு இருந்திருக்காங்க. உங்க பல்லு என்னாச்சு?"

"திரும்பக் கட்டியாச்சு."

"சாப்பிடறீங்களா?"

"கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

சமையலறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்தான். நுங்கு மூட்டையைப் பக்கத்தில் வைத்தான். கெசியா கஞ்சியை ஆற்றி, தனசிங்குக்குக் கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டி, வாயைத் துடைத்து, "ஏழு நாப்பது மாமா, கரெக்ட் டைம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து அவனுக்கு எதிரே, அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அண்ணா என்ன சொன்னார்?"

ஆரோனின் நாக்கில் அது தயாராக இருந்தது. 'பிடி குடுக்கலை கெசி. அவருக்கு இஷ்டமில்லை போல.' அவ்வளவுதான். அவள், 'சரி, கர்த்தர் சித்தம்' என்பாள். நாளைக்குக் காலையில் மேடத்திடம் போய் வேண்டாம் என்பாள். ஜூனும் ஏப்ரல் மாதிரியே இருக்கும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. பொன்னுரங்கம் அண்ணா இரும்புலியூரில் நுங்கு தோண்டிக்கொண்டிருப்பார், இங்கே ஒரு மனுஷியின் காலை உடைத்தது தான்தான் என்று தெரியாமல்.

"அவர் ஒண்ணும் சொல்லல," என்றான். "பாத்துக்கலாம்னார். அவர் முடியாதுன்னு யார்கிட்டயும் எப்பவும் சொன்னதில்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அஞ்சு தடவை கேட்டேன்."

"எதுக்கு அஞ்சு தடவை?"

"ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லிட மாட்டாரான்னு."

ரசம் பொங்கி வந்தது. கெசியா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். கண் அவன்மேலேயே இருந்தது.

"எனக்கு டயர்டா இருக்கு கெசி," என்றான் ஆரோன். "நீ போயிட்டா பகல் பூரா நான் ஒருத்தன்தான். இப்பவே இருபத்தெட்டுப் பல்லை வெயில்ல காயவெச்சுட்டு வந்திருக்கேன். அப்பறம்... அதுவும் இருக்கு. நீ வைஸ் பிரின்சிபால், நான் வீட்ல இருக்கற ஆள். சபையில யாராவது ஒருத்தன் சிரிப்பான். சிரிக்கறவனுக்கு நானே பல்லும் கட்டிக் குடுத்திருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

"எனக்கும்தான் டயர்டா இருக்கு," என்றாள். "பதினாலு வருஷமா எட்டாம் கிளாஸ் அல்ஜீப்ரா. எல்லா வருஷமும் எக்ஸ் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கறேன். இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொன்னியா? பத்து நாளா கேட்டேன். கர்த்தர் சித்தம், உங்க இஷ்டம், இதேதான்."

"நான் வேணும்னு சொல்லி, அப்பறம் மாமாவுக்கோ ஹெப்சிக்கோ ஒண்ணு ஆச்சுன்னா? அது நான் ஆசைப்பட்டதால வந்ததுன்னு ஆயிடுமே. அதான். நீங்க சொன்னா உங்களோட போயிடும்."

"அப்ப நீயும் உனக்குப் பதிலா சொல்ல ஒரு வாயைத்தான் தேடிட்டு இருந்திருக்கே."

"நீங்க அண்ணாவைத் தேடினீங்க. நான் உங்களைத் தேடினேன்."

"செங்கல்பட்டு வண்டி ஆறு நாப்பதுக்கு இருக்கு," என்று உள்ளேயிருந்து தனசிங் குரல் கொடுத்தார். "அதை விட்டா ஏழு அஞ்சு. லேட்டாயிடும்."

ஆரோன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் சத்தம் போட்டது. அவள் தோளில் இன்னும் இருந்த பின்னை எடுத்துத் திண்டின்மேல் வைத்தான்.

"கெசி. கர்த்தரைக் கொஞ்சம் விடு, அண்ணாவை விடு, அப்பாவை விடு. நான் பாடுபடறதை நான் பாத்துக்கறேன். திட்டுவேன், மறப்பேன், எதையாவது உருக்கித் தொலைப்பேன். அதெல்லாம் அப்பறம். உனக்கு அந்த வேலை வேணுமா, வேணாமா?"

கெசியா வாயைத் திறந்தாள். பழகின வார்த்தைதான் முதலில் வந்திருக்க வேண்டும். உதடு அதற்குத்தான் குவிந்தது. அதை விழுங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகி, நிமிர்ந்து நின்றாள்.

"வேணும்ங்க," என்றாள். "ரொம்ப நாளா வேணும்."